ஐந்தால் வகுத்தால்

வெளிநாட்டில் படிக்கிற மாணவர்கள் ஒரு நாளில் அதிகம் சொல்லும் தமிழ்ச் சொல் எதுவென்று கேட்டால் "காசில்லை" என்பேன். கோலாலம்பூரில் நான் முதுகலை படித்த இரண்டு வருடமும் எங்கள் ஹாஸ்டலில் அது கிட்டத்தட்ட வணக்கத்துக்குப் பதிலாகவே புழங்கியது. "சாப்பிட வர்றியா?" "காசில்லடா." "புதுச் செருப்பா?" "ஆமா, இதுல போட்டுத்தான் காசில்ல." மலேசிய நண்பர்கள் அதையே "வெள்ளி இல்லலா" என்பார்கள். மலேசியத் தமிழில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதான் பெயர். உண்மையிலேயே கையில் எதுவும் இல்லாதவனும் அதைச் சொல்வான். மாதம் பிறந்ததும் அப்பா அனுப்பிவைக்கிறவனும் அதையேதான் சொல்வான். சொல்கிற தொனியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. மாணவனாக இருப்பதற்கான அடையாள அட்டை மாதிரி எல்லாரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தோம்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. அதோடு ஒட்டிய ஒரு கேள்வியும் உண்டு: நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றப் போனால் செலவை எப்படிப் பிரிப்பது? பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மொத்தத்தைத் தலை எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும். ஆனால் அந்தத் தலைகள் யார் யாருடையவை என்று பார்க்க ஆரம்பித்தால் அது கணக்குப் புத்தகத்தோடு முடிகிற விஷயமாக இல்லை.

எனக்கு அது உறைத்தது பினாங்கில், ஆயர் ஈத்தாமில்.

2019இன் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசித் தேர்வு முடிந்த களைப்பில், யாரோ "பினாங்கு போலாமா?" என்றார்கள். அன்று இரவே டி.பி.எஸ். பேருந்து முனையத்தில் ஐந்து பேர் நின்றோம். நான் விருதுநகர்ப் பக்கம். ஒருவன் யாழ்ப்பாணத்தான். மற்ற மூவரும் மலேசியர்கள்: கிள்ளானில் அப்பாவுக்குச் சொந்தமாக லாரிகள் ஓடிய ஒருவன், ஈப்போவிலிருந்து வந்த சீனத் தோழி, சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து கல்விக்கடனில் படித்துக்கொண்டிருந்த இன்னொருவன். பெயர்கள் வேண்டாம், ஊரை வைத்தே சொல்கிறேன். ஹாஸ்டலிலும் பாதி நேரம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

திட்டம் என்று ஒன்றும் இல்லை, ஒரே ஒரு விதிதான். ஆளுக்கு 120 வெள்ளிக்குள் எல்லாம் முடிய வேண்டும். பஸ்ஸுக்குப் போக வர 70 போய்விடும். மிச்சம் 50இல் இரண்டு நாள். இந்த விதியைப் போட்டது கிள்ளான்காரன். அவனுக்கு அதில் ஒரு விளையாட்டுச் சுகம் இருந்தது. "நூத்தி இருவதுல பினாங்கு!" என்று பஸ்ஸில் ஏறும்போதே வீடியோ எடுத்தான். தங்குவதற்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது சுங்கை சிப்புட்காரன் மெல்லச் சொன்னான்: "எங்க அத்தை ஆயர் ஈத்தாம்ல இருக்காங்க. தரையில படுத்துக்குவீங்கன்னா வாங்க."

விடியும் முன்பே பட்டர்வொர்த்தில் இறங்கினோம். பெர்ரிக்கு 1.20 வெள்ளி. அதையும் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் வாங்குவார்கள், திரும்பி வரக் கட்டணம் இல்லை என்று தெரிந்ததும் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஜெட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து அத்தை வீட்டுக்குப் போனோம்.

ஆயர் என்றால் மலாயில் நீர், ஈத்தாம் என்றால் கறுப்பு. கருந்தண்ணீர் என்று பெயர் கொண்ட அந்தப் பகுதி ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒண்டிக்கிடக்கிறது. பழைய சந்தை, புளிப்பும் மீன்வாசமுமாக மணக்கும் லக்சா, கெக் லோக் சி என்ற பெரிய பௌத்தக் கோயில், பினாங்கு மலைக்கு ஏறும் ரயிலின் அடிவார நிலையம், அதற்கும் அப்பால் 1962இல் கட்டிய அணை. சுற்றுலாக்காரர்களின் ஆயர் ஈத்தாம் இவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கிற புதுநகரம் ஒன்று இருக்கிறது. ஃபார்லிம் என்று சொல்வார்கள். அத்தை வீடு அங்கேதான். இரண்டு அறை, ஒரு கூடம். அத்தை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். இரவு ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் அப்போதுதான் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா தம்பி?" உறங்கப் போக வேண்டியவர், உறங்காமல் ஐந்து பேருக்குத் தோசை ஊற்றினார்.

பத்து மணிக்கு மலை ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் நின்றோம்.

*

பலகையில் இரண்டு விலை இருந்தது. பெரியவர்களுக்குப் போய்வர, மைகார்டு வைத்திருக்கும் மலேசியர் என்றால் 12 வெள்ளி, மற்றவர்களுக்கு 30. என் கை தானாக ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தது. ஏறக்குறைய ஐந்நூறு.

யாழ்ப்பாணத்தான் "இது என்னப்பா அநியாயம்" என்றான். அநியாயம்தானா என்று யோசித்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. அந்த மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைகள் மேலே குளிர்காயப் போகும்போது கூலியாட்கள் அவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிப் போனார்கள். இன்றைக்கு அது அரசு நடத்துகிற ரயில். 2011இல் புது வண்டிகள் வந்தன. வரி கட்டுகிற ஊர்க்காரர் தன் ஊர் மலையை மலிவாகப் பார்க்கட்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தியாவிலும் இதே கதைதான், இன்னும் கூர்மையாக. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு அப்போது இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு. சார்க் நாட்டவருக்கு இந்தியக் கட்டணமே போதும். எங்கள் ஐந்து பேரையும் மாமல்லபுரக் கவுன்ட்டரில் கொண்டுபோய் நிறுத்தினால் எனக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் 40. சுங்கை சிப்புட்காரனுக்கு 600. அவனுடைய முப்பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். பல்லவர் கல்லைப் பார்க்க அவரது கொள்ளுப்பேரன் ஜெர்மன்காரனுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். எந்தக் கவுன்ட்டரும் பூர்வீகம் கேட்பதில்லை, பாஸ்போர்ட்தான் கேட்கிறது. கவுன்ட்டருக்கு வேறு வழியும் இல்லை. வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அதனால் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

நண்பர்களால் முடியும். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கிள்ளான்காரன் பலகையைப் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகச் சொன்னான்: "டேய், நாங்க பன்னெண்டு நீங்க முப்பதுன்னு பிரிச்சா நல்லாவா இருக்கு? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அஞ்சாப் பிரிச்சிடுவோம்." மூன்று பன்னிரண்டு 36, இரண்டு முப்பது 60, மொத்தம் 96. ஐந்தால் வகுத்தால் 19.20. செல்போனில் இருந்த செலவு பிரிக்கும் செயலி இதை நொடியில் சொல்லிவிட்டது. நல்ல யோசனை என்று ஈப்போக்காரி தலையாட்டினாள். யாழ்ப்பாணத்தான் முகம் மலர்ந்தது.

சுங்கை சிப்புட்காரன் மட்டும், "நான் ஸ்கூல்ல படிக்கிறப்பவே மேல போயிருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க. நான் கோயில்ல இருக்கேன்" என்றான். எனக்கு உயரத்தைவிடக் கோயில் பார்க்கத்தான் ஆசை, அவனோடு கிளம்பிவிட்டேன். மூன்று பேர் மலை ஏறினார்கள்.

*

ஜி. ஏ. கோஹன் என்று ஓர் அரசியல் தத்துவவாதி இருந்தார். கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். 2009இல் இறந்தார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய மிகச் சிறிய நூல் ஒன்று, சோஷலிசம் ஏன் கூடாது என்று கேட்கிற நூல், நண்பர்கள் கூடாரம் அடித்துத் தங்கும் ஒரு சுற்றுலாவில்தான் ஆரம்பிக்கிறது. பானை சட்டி, தூண்டில், பந்து, சீட்டுக்கட்டு என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். போன இடத்தில் எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் மீன் பிடிக்க, ஒருவர் சமைக்க, ஒருவர் பாத்திரம் கழுவ, நன்றாகப் போகிறது. இப்போது ஒருவர் எழுந்து, "நான்தான் அதிகம் மீன் பிடித்தேன், நல்ல மீன் எனக்கு" என்கிறார். ஆப்பிள் மரத்தைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பதிலாகத் தனக்கு வேலையைக் குறைக்கச் சொல்கிறார். கொட்டையை உடைக்கும் வித்தை தெரிந்தவர் அதற்குக் கூலி கேட்கிறார். முப்பது வருடத்துக்கு முன் இந்தக் குளத்தில் என் அப்பா மீன் விட்டார், ஆகவே நல்ல மீன் எனக்குச் சேர வேண்டும் என்கிறார் நான்காமவர். இவர்களோடு யார் சுற்றுலா போவார்கள்? கூடாரத்தில் நமக்குச் சந்தையின் சட்டம் பிடிப்பதில்லை, பகிர்தல்தான் பிடிக்கிறது என்கிறார் கோஹன். ஒரு நாட்டையே அப்படி நடத்த முடியுமா என்பது தனிக் கேள்வி என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இந்த உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. கூடாரத்தில் எல்லாப் பொருளும் எல்லார் கண்ணிலும் படும். மீன் எத்தனை, ஆப்பிள் எத்தனை, யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். கண்ணுக்குத் தெரிவதைப் பகிர்வது ஒப்பீட்டளவில் சுலபம். எங்களைப் போன்ற பட்ஜெட் பயணங்களில் முக்கியமான பொருள் பைக்குள்ளே இருக்கிறது. அது எவ்வளவு என்று அவரவருக்கு மட்டும்தான் தெரியும். கிள்ளான்காரனின் யோசனை கோஹனின் கூடாரத்தைப் போலவேதான் தோன்றியது: மைகார்டு உனக்கு, பாஸ்போர்ட் எனக்கு என்று பார்க்காமல் எல்லாம் பொது. அப்படி இருந்தும் அந்தப் பொதுவில் ஒருவனால் சேர முடியவில்லை.

கெக் லோக் சி படிக்கட்டுகளில் ஏறும்போது அவனிடம் கேட்டேன், "நீயும் போயிருக்கலாமே. உனக்குப் பன்னெண்டு வெள்ளிதானே."

"பன்னெண்டுன்னா போயிருப்பேன்லா. அத பத்தொம்போது இருவதுன்னு ஆக்கிட்டானுங்க."

பஸ் காசு போக, மாதம் முடியும் வரை அவனிடம் இருந்தது 60 வெள்ளி. சமமாகப் பிரித்த பங்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. கிள்ளான்காரனுக்கு அது ஒரு சினிமாவும் சோளப்பொரியும். பங்கு சமம், பாரம் சமமில்லை. இதைக்கூட எவரும் எளிதில் ஒத்துக்கொள்வார்கள், வருமான வரியே அந்தக் கொள்கையில்தான் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேரில் அதிகம் இல்லாதவன், தன் சொந்த விலைக்கு மேல் 7.20 வெள்ளி கொடுத்து, என்னையும் யாழ்ப்பாணத்தானையும் மேலே அனுப்பியிருக்க வேண்டும். பெருந்தன்மையான யோசனை ஒருவனுடையது, அதற்கான விலையில் ஒரு பகுதி இன்னொருவனுடையது.

"சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"என்னான்னு? காசில்லன்னா? காலையிலேருந்து அவன் நாலு தடவ சொல்லிட்டான். நான் சொன்னா அஞ்சாவது தடவ. சிரிப்பானுங்க."

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. கீழே ஆமைக்குளத்தில் யாரோ காங்கோங் கீரைக்கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தின்றன.

அவன் சொன்னதை இப்படி விரிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால் அதைச் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். எல்லாரும் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குக் கேட்கும் சக்தி போய்விடும். "புலி வருது" கதையில் பொய் சொன்னவன்தான் அகப்பட்டுக்கொண்டான். எங்கள் கதையில் விளையாட்டாகச் சொன்னவர்கள் வேறு, மாட்டிக்கொண்டவன் வேறு. ஏழ்மையை நாங்கள் இரண்டு நாள் விளையாட்டாக எடுத்துக்கொண்டபோது, அவன் அதைச் சொல்வதற்கு வைத்திருந்த ஒரே சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரு சாக்கு: ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

"அப்பறம் ஏன்டா வந்த?" என்று கேட்டதற்கு, "வரலன்னா அதுக்கும் ஒரு காரணம் சொல்லணும்ல" என்றான்.

கோஹனின் அதே நூலில் இன்னோர் உதாரணமும் உண்டு. ஒரு பணக்காரர் தினமும் காரில் போகிறவர். ஒருநாள் கார் கிடைக்காமல் நெரிசல் பஸ்ஸில் போக நேர்கிறது. இந்த அவதியைப் பற்றி அவர் இன்னொரு கார்க்காரரிடம் புலம்பலாம். தினமும் அதே பஸ்ஸில் நசுங்குகிறவரிடம் புலம்ப முடியாது. இருவருக்கும் நடுவே பொது வாழ்க்கை என்று ஒன்று இல்லை. அவர் சொல்வது கோடீஸ்வரரையும் அன்றாடங்காய்ச்சியையும் பற்றி. ஆனால் இந்தப் பிளவு அதைவிடச் சின்ன இடங்களிலும் விழுகிறது. ஒரே ஹாஸ்டல், ஒரே வகுப்பு, ஒரே மாமாக் கடை மேஜை, அதற்கு நடுவிலும் விழுகிறது. ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது எங்களில் நால்வருக்கு அனுபவம், வீடியோவில் போட உகந்த விஷயம். அவனுடைய அத்தைக்கு அது சனிக்கிழமை.

*

அன்று இரவு கூடத்தில் பாய் விரித்து நாங்கள் நான்கு பேர் படுத்தோம். ஈப்போக்காரி உள்ளே அத்தையின் மகளோடு படுத்துக்கொண்டாள். படுப்பதற்கு முன் கிள்ளான்காரன் அன்றைய கணக்கைச் செயலியில் ஏற்றினான். பெர்ரி இவ்வளவு, பஸ் இவ்வளவு, ரயில் போனவர்களுக்கு இவ்வளவு, லக்சா இவ்வளவு. "தங்குற செலவு: சைபர்" என்று சந்தோஷமாக அறிவித்தான்.

அந்த சைபர் என் மனதில் ரொம்ப நாள் கிடந்தது. ஜார்ஜ் டவுனில் சுமாரான தங்கும் விடுதிகளில் ஒரு படுக்கைக்கு முப்பது நாற்பது வெள்ளி கேட்பார்கள். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் ஒரு இரவுக்கு நூற்றைம்பதுக்குக் குறையாது. இரண்டு வேளைச் சாப்பாடு தனி. நூற்று இருபது வெள்ளியில் பினாங்கு என்ற எங்கள் சாதனை அத்தையின் கூடத்தின் மேல்தான் நின்றது. அந்தக் கூடத்தைக் கொண்டுவந்தவன் சுங்கை சிப்புட்காரன். ஆக, ஐந்து பேரில் பயணத்துக்கு அதிகம் போட்டவன் அவன். செயலியில் அவன் பெயருக்கு நேரே பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது, லக்சா காசு.

இலவசமாக வந்ததைக் கணக்கில் சைபர் என்று எழுதுவது கணக்குக்குச் சரி. கண்ணுக்கு அது நல்லதில்லை. நம் சமூக ஊடகங்களில் "வெறும் இத்தனை ரூபாயில் இந்த நாடு" என்று வரும் வீடியோக்களைப் பாருங்கள். ஒரு நண்பரின் வீடு, யாரோ ஏற்றிக்கொண்டுபோன வண்டி, கோயில் அன்னதானம், குருத்வாரா சாப்பாடு, எல்லாவற்றுக்கும் நேரே சைபர். மலிவு என்பது பெரும்பாலும் குறைந்த விலை கிடையாது, வேறொருவர் கொடுத்துவிட்ட விலை. பழைய காலத்து வழிப்போக்கர்களுக்கும் இது பொருந்தும். தஞ்சை மராட்டியர்கள் ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள், ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. யாத்திரீகருக்குச் சோறு இலவசம். சோற்றுக்கென்று எழுதிவைத்த நிலம் இருந்தது, அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியவர்கள் இருந்தார்கள். நாங்கள் அன்று ஏறி இறங்கிய கெக் லோக் சியும் அப்படித்தான். 1890களில் தொடங்கி, பெரும் சீன வணிகர்களின் நன்கொடையில் எழும்பிய கோயில் அது. சீனமும் சயாமும் பர்மாவும் அடுக்கடுக்காகச் சேர்ந்த அதன் ஏழுநிலைக் கோபுரம் 1930இல் முடிந்தது. உள்ளே போகக் காசு கேட்பதில்லை. கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு "உபயம்" எழுதியிருப்பார்களே, அந்தச் சொந்தம்தான். சிரிக்கலாம். ஆனால் ஒன்று, அங்கே கொடுத்தவர் பெயர் சைபர் ஆவதில்லை. அத்தை மாதிரி ஆட்களின் பெயரை எந்தக் கல்லிலும் யாரும் வெட்டுவதில்லை, எந்தச் செயலியிலும் ஏற்றுவதில்லை.

*

எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது. நியாயமான கேள்விதான். பணம் உள்ளவன் பேசாமல் இல்லாதவனுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் என்ன? கிள்ளான்காரன் கெட்டவன் இல்லை. தெரிந்திருந்தால், "விடுலா, நான் பெலாஞ்சா" என்று நொடியில் சொல்லியிருப்பான். பெலாஞ்சா என்பது மலேசியாவில் எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் மலாய்ச் சொல். செலவழிப்பது என்று பொருள், வழக்கில் 'இன்னைக்கு என் கணக்கு' என்று அர்த்தம். அது ஒரு நல்ல ஏற்பாடு. இன்றைக்கு நீ நாசி கண்டார் வாங்கித் தந்தால் நாளைக்கு நான் ஒரு தே தாரேக் வாங்கித் தருவேன். பன்னிரண்டு வெள்ளியும் இரண்டு வெள்ளியும் சமமா என்று யாரும் பார்ப்பதில்லை. முறை வந்தது, முறை செய்தாயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் பெலாஞ்சா உயிரோடு இருப்பதே அந்த முறை மாறுவதால்தான். ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தால் வாங்குகிறவனின் கழுத்து மெல்லக் குனியத் தொடங்கும். திருக்குறளில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு: 106 இரவு, 107 இரவச்சம். ஒன்று, கேட்பதில் தவறில்லை, கேட்கத் தக்கவரிடம் கேள் என்கிறது. அடுத்தது, கேட்பதற்கு அஞ்சு என்கிறது. பள்ளியில் படிக்கும்போது இது என்ன முரண்பாடு என்று தோன்றும். இப்போது எனக்கு அது முரண்பாடாகப் படவில்லை. கேட்கிறவனுக்குள் இந்த இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன. கேட்கலாம் என்று வாய் வரை வருகிறது, வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. வள்ளுவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அந்த நிலையை அறிந்ததால்தான் இருக்க வேண்டும். கொடுக்க மனமுள்ள நண்பன் எதிரே இருப்பது மட்டும் போதாது. கேட்காமலேயே கிடைக்கிற மாதிரியும், கிடைத்தது இன்னாருக்கு என்று வெளியே தெரியாத மாதிரியும் ஏற்பாடு இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பு இல்லாதவன் தலையில் விழக் கூடாது. அவன் ஏற்கெனவே ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

நட்பு இருக்கும் இடத்தில் நீதி தேவைப்படாது என்ற கருத்து அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. நண்பர்களின் உடைமை பொது என்ற கிரேக்கப் பழமொழியையும் அவர் எடுத்துச் சொல்கிறார். ஆயர் ஈத்தாமுக்குப் பிறகு எனக்கு இதில் பாதிதான் சம்மதம். முகம் தெரியாதவர்களுக்கு நடுவே நீதி சமமான பங்கோடு நின்றுவிடலாம், கவுன்ட்டர் பாஸ்போர்ட்டோடு நின்றுவிடுவது மாதிரி. நண்பர்களுக்கு நடுவே அது அங்கே நிற்கக் கூடாது, இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டியிருக்கிறது. யார் எதற்கெல்லாம் "வேண்டாம்" என்கிறான், எப்போது அவனுக்குத் திடீரென்று பசி இல்லாமல் போகிறது, எந்த இடத்தையெல்லாம் அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான் என்று கவனிக்க வேண்டியிருக்கிறது. அதே சமயம் கவனிப்பது தெரியவும் கூடாது.

அந்த வருடம் மலாக்காவுக்கும் கேமரன் மலைக்கும் போனபோது ஈப்போக்காரி ஒரு வழி சொன்னாள். ஒரு காலி மைலோ டப்பா. கிளம்புவதற்கு முந்தின நாள் அது அறை அறையாகச் சுற்றும். கதவைச் சாத்திக்கொண்டு அவரவரால் முடிந்ததைப் போட வேண்டும். யார் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்து, அந்தத் தொகைக்குள் எங்கே போகலாம் என்று முடிவு செய்வோம். போதவில்லை என்றால் கிட்டத்து ஊர். செயலி கிடையாது, ஐந்தால் வகுப்பதும் கிடையாது.

ஓட்டை இல்லாத வழி இல்லை இது. வைத்திருப்பவன் குறைத்துப் போடலாம், கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை டப்பாவில் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. யார் மேல் சந்தேகப்படுவது என்று எல்லார் மனதிலும் ஓடியிருக்கும், என் மனதில் ஓடியது. நம்பிக்கையில் நடக்கிற எந்த ஏற்பாட்டுக்கும் அந்த அரிப்பு இருக்கத்தான் செய்யும். ஏமாற்றப்படுவதற்கான அந்த வாய்ப்பை வாங்கிக்கொண்டுதான் இன்னொன்றைப் பெற்றோம்: எங்களில் ஒருவன் "ஏற்கெனவே பார்த்திருக்கேன்" என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. அந்த விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

இன்னொரு மாற்றத்தை யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. டப்பா வந்த பிறகு எங்கள் ஹாஸ்டலில் "காசில்லை" என்று விளையாட்டாகச் சொல்வது குறைந்துவிட்டது. ஒருநாள் மாமாக் கடையில் சுங்கை சிப்புட்காரன் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தான் தன் தட்டிலிருந்த ரொட்டி சானாயை இரண்டாகப் பிய்த்து, பாதியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, பேசிக்கொண்டிருந்த கிரிக்கெட்டைத் தொடர்ந்தான்.